மிஞ்சின ஆக்கள்

சூறாவளி அடித்து மூன்று மாதமாகியும் சபியா உம்மாவால் நிம்மதியாகக் குளிக்க முடியவில்லை. எப்போது போனாலும் கிணற்றடியில் ஒரு கூட்டம் நின்றது.

"மருமகன், நீங்க பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிற சனத்தொகை மிகை, நம்மட ஊட்டுக்குள்ளதான் கிடக்கு!"

மருமகன் ஜெமீல் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "அது தலையை எண்ணிச் சொல்லுற கதையில்ல மாமி. இடம் தாங்கினா எத்தினை பேர் இருந்தாலும் மிகையில்ல. தாங்காட்டித்தான் மிகை."

"ரெண்டு அறை எத்தினை பேரைத் தாங்கும்? நீங்க, மகள், புள்ளையள். சூறாவளியில ஊட்டுக் கூரை பறந்துபோய் இங்க வந்த உங்கட உம்மா, தங்கச்சிமார். குளிக்க வரிசை, கக்கூசுல குந்த வரிசை! மிஞ்சின ஆக்கள் இண்டைக்கே வெளிக்கிடத்தான் வேணும்."

ஜெமீலின் முகம் கறுத்தது. "உம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் எங்க மாமி போற?"

"ஆரு உங்கட உம்மாவைச் சொன்ன?"

சபியா உம்மா உள்ளே போய், பாயும் தலையணையும் கட்டிய மூட்டையோடு வந்தார். வாசலில் அவருடைய புருஷன் மாட்டுவண்டியோடு காத்து நின்றார்.

"மகள்ட கலியாணத்துல சீதனமா எழுதிக் குடுத்த ஊடு இது. உங்கட உம்மா மருமகள்ட ஊட்டுக்கு வந்த விருந்தாளி. மிஞ்சின ஆக்கள் நானும் மாமாவும்தான். சவளக்கடையில நம்மட வயல்வாடிக் குடிசை ரெண்டு பேரைத் தாங்கும். நாளைக்காவது நான் ஆறுதலாக் குளிப்பன்!"