கோமாரி போன பிறகு

காரிப் பசுவைப் பிடித்திருந்த கோமாரி நோய் போய்விட்டது. வாய்ப்புண்ணும் குளம்புப் புண்ணும் ஆறிவிட்டன. ஆனாலும் புல்லைப் பார்த்தாலே அதற்கு அலுப்பாக இருந்தது. கன்று வந்து முட்டியும் எழவில்லை.

"நோய்தான் போயிடுச்சே, இன்னும் என்னக்கா வேஷம்? இப்படியே கிடந்தா சந்தைக்கு ஓட்டிடுவாங்க" என்றது காவல் நாய் சுருளி.

அப்போது ஒரு சருகு அசைந்தது. சுருளி தொண்டை கிழியக் குரைத்தது.

"யாருடா வந்தது?" என்றது காரி.

"யாருமில்லக்கா. போன வாரம் திருடன் வந்தானில்ல, அவன் போயும் எனக்குக் குரைப்பு அடங்கல. முதலாளி அடிச்சுக்கூடப் பார்த்துட்டார்."

"நோய் போனது தெரியாம என் உடம்புக்குள்ளயும் ஒரு காவல் நாய் அப்படித்தான் குரைச்சுக்கிட்டே இருக்கு."

சுருளி காதை நிமிர்த்தியது. "ஒரு அதட்டு போட்டா அடங்கிடுமே?"

காரி கண்ணை மூடிக்கொண்டது. "உன்னை அடிச்சாங்களே, நீ அடங்கினியா?"