ஆடியில் தொடங்க வேண்டிய வீடு

"இப்ப உள்ள ஆளுங்களுக்கு வாக்குன்னா என்னன்னே தெரியலைங்க. எழுதிக் குடுப்பான், கையெழுத்தும் போடுவான், செய்ய மட்டும் மாட்டான்."

தஞ்சாவூர் நுகர்வோர் நீதிமன்றத்தில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாட்சி சொன்னார் நாகநாதன். எதிரே கட்டடக் கம்பெனி மேனேஜர் ஜெகபர் அலி தலைகுனிந்து நின்றார்.

வழக்குப் போட்டவன் நாகநாதனின் மகன் ஜெயபால். சிங்கப்பூரிலிருந்து இதற்காகவே லீவில் வந்திருந்தான். வைகாசியில் புதுவீட்டில் கல்யாணம் என்று பேச்சு. வைகாசியில் வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றது. பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

"வேலை எப்ப ஆரம்பிச்சிருக்கணும், பெரியவரே?" வக்கீல் கேட்டார்.

"ஆடியில. தை வரைக்கும் ஒரு செங்கல் வந்து எறங்கல. இருந்த நிலத்தையெல்லாம் வித்துத்தான் பையன சிங்கப்பூர் அனுப்பினேன். மிச்சம் கெடந்தது இந்த ஒரு துண்டு. அதுல ஒரு வீடு கட்டச் சொன்னா, இந்தக் கூத்து. பொங்கலுக்கு ஒரு மூட்டை புதுநெல்லு வேற குடுத்தேன் இந்த ஆளுக்கு. வாங்கிக்கத் தெரிஞ்சுது."

நீதிபதி அலியைப் பார்த்தார். "ஆறு மாசம் ஏன் தொடங்கல? மழையா? ஆள் கெடைக்கலையா? சிமெண்ட் வரலையா? இதுல ஒண்ணு இருந்தாலும் ஒப்பந்தத்துல உங்களுக்கு வழி இருக்கு."

அலி ஒரு தடவை பெரியவரைப் பார்த்தார். பெரியவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இல்லைங்கய்யா. தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு."

அதோடு முடிந்தது. நஷ்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பு. வெளியே வந்ததும் கம்பெனி ஆள் அலியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம் பாய். நஷ்டஈடு கட்டவேண்டியதும் உங்க பொறுப்புதான். கையெழுத்து உங்களுது."

ஜெயபால் அலியின் முகத்தில் விழிக்காமல் ஆட்டோ பிடிக்கப் போனான். பெரியவர் மட்டும் தனியாக நின்றார். அலி பக்கத்தில் வந்தார்.

"நீங்க கையப் புடிச்சுக் கெஞ்சினதுக்குத்தான் உங்க மகன்கிட்ட நான் வாயத் தெறக்கல. உள்ள நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பெரியவரே. என் வேலை போச்சு. அந்தத் தம்பிக்குக் கல்யாணமே போச்சு."

"ஆறு மாசம் பொறுக்க முடியாத சம்பந்தம் போனாப் போவுது."

"அதுக்கில்ல, உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல."

நாகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். படியிறங்கி நடந்தபடியே, திரும்பாமல் சொன்னார்:

"ஆத்துல தண்ணி வந்துடுச்சு பாய். மனைக்கு விட்ட எடமா இருந்தா என்ன, நாத்து நடாம விடுவாங்களா?"