ஒரு மடக்கு

“ஒரு மடக்குத் தண்ணிக்கு ஒரு மனுஷனை இப்படியா கெஞ்ச விடுவாங்க?”

டீச்சர் தோளில் இருந்த பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. தம்பிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் பார்க்க ஓடி வந்திருந்தார். கட்டிலை விட்டு இறங்கவே ஆள் துணை வேண்டும் என்ற நிலையில் கிடந்த தம்பி, அக்காவைக் கண்டதும் கோணிய வாயால் கேட்டது ஒன்றுதான்.

“தண்ணி...”

தம்பி மனைவி ஒரு கிண்ணத்தில் கூழ் மாதிரி எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள்.

“இதுவும் தண்ணிதான் அண்ணி. கெட்டியாக்குற பவுடர் கலந்திருக்கேன். வெறும் தண்ணி கூடவே கூடாதாம். முழுங்கப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு சொல்லியிருக்கு. வர்ற திங்கக்கிழமை டெஸ்ட். பாஸாயிட்டார்னா அன்னைக்கே டம்ளர்ல குடிக்கலாம்.”

“பசையைக் கரைச்சு வெச்சுக்கிட்டுத் தண்ணிங்கறே. போஸ்டர் ஒட்டப் போறியா?”

தம்பி சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது.

“இங்க பாரும்மா. வருஷக்கணக்கா உயிரியல் பாடம் எடுக்கிறவ நான். தசையில மூணு வகை. கை காலை அசைக்கிறது வரித்தசை. மூளை உத்தரவு போட்டாத்தான் அசையும். இவனுக்கு அந்த உத்தரவுதான் போய்ச் சேரலை. வயித்துல, குடல்ல இருக்கிறது வரியற்ற தசை. அதுக்கு யார் உத்தரவும் வேண்டாம். வாயில விட்டாத் தானா இறங்கிடும்.”

“சரி அண்ணி. மூணாவது?”

“இதயத்தசை. அது சில பேருக்கு இருக்கிற மாதிரியே தெரியலை.”

தம்பி மனைவி கிண்ணத்தோடு கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். கணவனின் தாடையை மெல்லத் தாழ்த்திப் பிடித்து ஒரு ஸ்பூன் ஊட்டினாள். “முழுங்குங்க. இன்னொரு தடவை முழுங்குங்க. இப்ப ‘ஆ’ சொல்லுங்க, குரல் கரகரக்காம வருதான்னு பார்ப்போம்.”

“ஆ...”

“அவன் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?” டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

சற்று நேரம் கழித்துச் சமையலறைப் பக்கம் போனார். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தால், தம்பி மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறாள்!

‘அவனுக்குப் பசை. இவளுக்கு மட்டும் ஒளிஞ்சு நின்னு சொம்பு நிறைய!’

அவள் மருந்துக் கடைக்குக் கிளம்பும்வரை காத்திருந்தார். பிறகு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டு வந்தார்.

“குடிடா.”

தம்பி தயங்கினார். வாசல் பக்கம் பார்த்தார்.

“அக்கா கொடுத்து என்னைக்காவது நீ வேண்டாம்னு சொல்லியிருக்கியா?”

தம்பி வாயைத் திறந்தார். ஒரு மடக்கு. கண்ணை மூடிக்கொண்டு அப்படி ஒரு சுகம் முகத்தில். இரண்டாவது மடக்கில் இருமல் வந்தது. முகம் சிவக்கச் சிவக்க இருமினார்.

“ஒண்ணுமில்லைடா, புரை ஏறிடுச்சு.” டீச்சர் தலையில் தட்டினார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

திரும்பி வந்தவள் கணவன் பேசியதைக் கேட்டதும் திடுக்கிட்டாள். “குரல் ஏன் கரகரங்குது? அண்ணி, ஏதாவது கொடுத்தீங்களா?”

“நான் என்னத்தைக் கொடுத்தேன்? சும்மா இருமினான்.”

மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வந்தது.

“நுரையீரல்ல தண்ணி போயிருக்கு. நிமோனியா,” என்றார் டாக்டர். பயிற்சி கொடுக்கும் பெண்ணும் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“ஆனா டாக்டர், பக்கவாதம் உணவுக்குழாயைப் பாதிக்காதே...” டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

“அது நல்லாத்தான் இருக்கும்மா. அதுக்கு மேல தொண்டைன்னு ஒண்ணு இருக்கே, அங்க இருக்கிறது கை கால்ல இருக்கிற அதே வரித்தசை. முழுங்கும்போது அதுதான் மூச்சுக்குழாயை மூடணும். இவருக்கு மூட நேரமாகுது. கெட்டியா இருந்தா மெதுவா இறங்கும். வெறும் தண்ணி முந்திக்கிட்டு உள்ள போயிடும்.”

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார்.

“உயிருக்கு ஆபத்தில்லை. ஆனா திங்கக்கிழமை டெஸ்ட் கிடையாது. இனி எல்லாம் மூக்குல ட்யூப் வழியாத்தான். எத்தனை மாசம்னு சொல்ல முடியாது. யார் தண்ணி கொடுத்தது?”

டீச்சருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. யாரும் உத்தரவு போடாத தசைகள் எல்லாம் வேலை செய்தன. உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டிய நாக்கு மட்டும் அசையவில்லை.

“நான்தான் டாக்டர்,” என்றாள் தம்பி மனைவி. “கேட்டுக்கிட்டே இருந்தார். மனசு கேக்கலை.”

பயிற்சிப் பெண் நம்ப முடியாமல் பார்த்தாள். “நீங்களாக்கா? அவர் ஏங்கிடுவார்னு அவர் கண்ணெதிர்ல ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களே!”

டாக்டர் திட்டிய திட்டையெல்லாம் அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் டீச்சர் அவள் கையைப் பிடித்தார். “ஏம்மா பழியை உன் மேல போட்டுக்கிட்டே? நான்தான்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அண்ணி.”

“அப்புறம் ஏன்?”

“ஆம்புலன்ஸ்ல அவர்கிட்ட கேட்டேன். மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு வார்த்தையா சொன்னார்...” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“‘அக்கா இல்லை. நானேதான் நடந்து போய் எடுத்துக் குடிச்சேன்’னார்.”