முகம் தெளியாத படம்

"மூஞ்சி இன்னும் தெளியலையே பாய்," என்றார் கனகசபாபதி. தன் பிளக்ஸ் கடையில் உதுமான் இழுத்துப் போட்ட நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை.

ஆமத்தூர் ரோட்டில் இருக்கும் அவருடைய பட்டாசு குடோனில் முந்தின ராத்திரி சில பெட்டி பேன்சி வெடி காணாமல் போயிருந்தது. ஓர் ஆள் பெட்டியைத் தூக்கிப் போவது கேமராவில் விழுந்திருந்தது. வெளிச்சம் போதாமல் படம் முழுக்கப் புள்ளி, மணலை அள்ளி இறைத்த மாதிரி. வீடியோவைக் காலையிலேயே உதுமானுக்கு அனுப்பிவிட்டார். முகத்தைத் தெளிவாக்கி பிளக்ஸ் அடிக்க வேண்டும். சாயங்காலம் ஆட்கள் வேனேறும்போது அது கம்பெனி வாசலில் தொங்க வேண்டும்.

ஆள் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. லோடுமேன் பெத்தணன். "நடையே அவன் நடைதாம்ப்பா," என்று மகன் தருண்குமார் சொல்லியிருந்தான். பெத்தணனைக் கையோடு கூட்டிவந்து கடைக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தார். நான் எடுக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அவன் ஓய்ந்துபோயிருந்தான்.

உதுமான் கம்ப்யூட்டரில் புள்ளி நீக்கும் பில்டரைக் கூட்டினார். புள்ளிகள் போயின. கூடவே கண்ணும் மூக்கும் போயின. குறைத்தார். புள்ளிகள் திரும்பி வந்தன.

"களிமண் பொம்மை மாதிரில்ல இருக்கு. இதுக்கா இம்புட்டுப் பெரிய கம்ப்யூட்டரு?"

"புள்ளியத் துடைச்சா முகமும் சேந்து போகுது அண்ணாச்சி."

கனகசபாபதி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். "மூஞ்சி வராட்டிப் போகுது. கீழ பெத்தணன்னு பேரப் போட்டு அடிச்சிருங்க."

மவுஸில் இருந்த உதுமானின் கை நின்றது. பிறகு, பெட்டியைப் பிடித்திருந்த வலது கையை மட்டும் பெரிதாக்கி, அங்கே மறுபடி வேலை செய்தார். ஐந்து விரலும் எண்ணும்படி தெரிந்தன.

கனகசபாபதி திரையைப் பார்த்தார். திரும்பி வெளியே பார்த்தார். பெத்தணன் வலது கையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் இவர் கம்பெனியிலேயே ஒரு தீபாவளி சீசனில் போனவை.

"ஏலே, வண்டில ஏறு. லோடு கெடக்கு."

அவனிடம் வேறெதுவும் சொல்லவில்லை. படியிறங்கும்போது உதுமானிடம், "கையத் தெளிவாக்கத் தெரியுது, மூஞ்சிக்குத் துப்பில்ல," என்றார்.

"என் தொழிலு அம்புட்டுத்தான் அண்ணாச்சி."

வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உதுமான் இன்னொரு படத்தைத் திறந்தார். வீடியோவிலிருந்து வரிசையாகப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் காலையிலேயே அவர் சலித்தெடுத்தது. ஒரு புள்ளி இல்லை. கண், மூக்கு, அரும்பு மீசை எல்லாம் துல்லியம்.

அதை அனுப்பிவிட்டுப் போன் போட்டார்.

"தருண்குமார் தம்பி, உங்க மூஞ்சியப் பாத்தீகளா? பெட்டியத் திருப்பி வச்சிட்டு, அப்பாகிட்டயும் பெத்தணன்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க. அப்புறமா இத அழிச்சிருதேன்."