துணைக்குப் போனவள்

"மிஷின்ல வச்சு அமுக்குவாங்களாமே! எனக்குப் பயமா இருக்கு டெபோரா. நீ முதல்ல எடுத்துட்டு வந்து சொல்லு, வலிக்குதான்னு."

குரோம்பேட்டை ஸ்கேன் சென்டரில் ஞானஜோதி இப்படிச் சொன்னதும் டெபோராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாசத்தில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் ஆபீஸ் கிடையாது. படுத்துத் தூங்கலாம் என்றிருந்தாள். "மார்ல என்னமோ பண்ணுது, மேமோகிராம் எடுக்கணும், துணைக்கு வா" என்று செம்பாக்கத்திலிருந்து காலையிலேயே வந்து நின்றுவிட்டாள் நாத்தனார். புருஷனோட அக்காவாச்சே, முடியாதுன்னா சும்மா விடுவாங்களா?

"அண்ணி, சந்தேகம் உங்களுக்கு. எனக்குக் கட்டி இல்ல, வலி இல்ல. நான் எதுக்கு?"

"நாப்பத்தஞ்சு ஆகுதில்ல? டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒரு வருஷமா உன் ஃபிரிட்ஜ்லதானே ஒட்டிக்கிட்டு இருக்கு. போ, நான் பேரை மாத்தச் சொல்லிட்டு வரேன்."

சொல்லிவிட்டு கவுன்டருக்கு ஓடியே போனாள். சண்டை போட டெபோராவுக்குத் தெம்பில்லை. தொலையட்டும் என்று உள்ளே போனாள்.

பத்து நிமிஷம்தான். இறுக்கத்தான் செய்தது, தாங்க முடியாத வலி இல்லை.

"பரவாயில்ல அண்ணி. இப்ப நீங்க போங்க."

"ஐயையோ, உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே! எனக்கு வேண்டாம்மா. வா, வீட்டுக்குப் போகலாம்."

டெபோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் புருஷன் எபியிடம் கொட்டித் தீர்த்தாள். "உங்க அக்கா பரிசோதனை பண்ணிப் பார்க்க நான்தான் கிடைச்சேனா? என் ஒரு நாள் போச்சு!"

மூன்றாம் நாள் சென்டரிலிருந்து போன். படத்தில், உப்புத் தூவின மாதிரி பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள்.

புற்றுநோய்தான்.

"பால் குழாய்க்குள்ளேயே இருக்கும்மா, வெளிய பரவலை. இந்த ஸ்டேஜ்ல பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. படம் எடுத்ததாலதான் மாட்டிச்சு. ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, கட்டிலில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டினாள் டெபோரா. ஸ்கேன் சென்டரின் முன்பதிவுச் சீட்டு கையில் வந்தது.

பெயர்: டெபோரா. வயது: 45. பதிவு செய்த தேதி, அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் முந்தி.

நிமிர்ந்து பார்த்தாள். ஞானஜோதி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி... அப்ப உங்களுக்கு மார்ல ஏதோ பண்ணுதுன்னது?"

"எனக்கு என்ன? நான் போன வருஷமே எடுத்துட்டேன், ஒண்ணும் இல்ல."

டெபோரா சீட்டை நீட்டினாள். "என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"சொன்னா? உனக்குன்னா உனக்கு என்னைக்கு நேரம் இருந்திருக்கு? எனக்குன்னாதான், மனசுக்குள்ள திட்டிக்கிட்டாவது வருவ."