பாதி எழுந்தவர்

கண்ணாடி அறைக்குள் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வெளிநாட்டாரோடு பேசிப் பழகும் விதத்தை அலுவலகத்தாருக்குச் சொல்லித்தர வந்திருப்பவள், நேற்றைய வீடியோ கூட்டத்தில் ஒருவர் செய்ததை இப்போதுதான் நடித்துக் காட்டியிருக்கிறாள்: திரையில் மேலதிகாரியின் முகம் தெரிந்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, குனிந்து, அசட்டுச் சிரிப்போடு. பெயரைத்தான் சொல்லவில்லை, எல்லோருடைய கண்ணும் கணக்காளரிடம் போகிறது. அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஈரமில்லாத கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "அப்படியே என்னை மாதிரியே செஞ்சுட்டீங்கம்மா. இத்தனை வருஷமா இப்படியா பண்ணிட்டிருந்தேன்? ஒருத்தரும் சொல்லலையே." அவள் முகம் சுண்டிப்போகிறது. "சும்மா ஒரு உதாரணத்துக்குத்தான் சார்..." அதற்குள் சுவர்த்திரை நீல வெளிச்சத்தோடு விழிக்க, கடல் கடந்த மேலதிகாரி எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறார். கணக்காளரின் முழங்கால்கள் தாமாக அசைகின்றன. உடனே நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் இறுகப் பற்றி, விரல் மூட்டுகள் வெளுக்க, தன்னைத்தானே அழுத்தி உட்காரவைத்துக்கொள்கிறார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, சரியாகச் செய்தேனா என்பதுபோல் அவளைப் பார்க்கிறார். அவள் குனிந்து, மேசைமேல் மார்க்கர் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மூடி பேனாவில்தான் இருக்கிறது.