ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நெஞ்சு

கட்டிலில் படுத்திருந்த மனைவி விடாமல் இருமினாள். வெந்நீரோடு மாடியேறி வந்த கணவருக்கு மூச்சு வாங்கியது.

வீட்டுக்கே வந்திருந்த டாக்டரம்மா, கையடக்க ஸ்கேன் கருவியை அவள் விலாவில் வைத்தார்.

“ஸ்கேன் வயித்துக்குத்தானே எடுப்பாங்க?” கணவர் குழம்பினார்.

“வைரஸ் நுரையீரலுக்கு இறங்கியிருந்தா இதுலயே தெரிஞ்சிடும்.”

திரையில் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடுகள்.

“ஐயையோ, கோடு கோடா இருக்கே!”

“ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் உங்களுக்குப் புரியும். சட்டையைக் கழட்டுங்க.”

“தாராளமா! நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்ல.”

கருவி அவர் விலாவுக்கு மாறியதும் வெள்ளைக் கீற்றுகள் மேலிருந்து கீழே மழையாய் இறங்கின.

“பாத்தியா, எனக்கு எவ்வளவு பளிச்சுனு இருக்கு!” என்றார் மனைவியிடம்.

“அந்த ஏணிப்படிதாங்க நல்ல நுரையீரல். வைரஸ் இறங்கியிருக்கிறது உங்களுக்குத்தான். படுங்க,” என்றார் டாக்டரம்மா.

“எனக்கா? இருமுறது அவளாச்சே!”

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது அவருக்கு. மனைவியோ துள்ளி எழுந்து, தலையணையைத் தட்டி அவருக்குப் போட்டாள்.

“டாக்டர், இனிமே நான் இரும வேண்டாமில்ல? மூணு நாளா இருமி இருமித் தொண்டையே புண்ணாப் போச்சு. காய்ச்சலை மறைக்கிற மனுஷன், வேற எப்படி டாக்டர் முன்னாடி சட்டையைக் கழட்டுவார்?”